முன்பல்லில் ஒரு பள்ளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? தையல் மெஷினை மிதிப்பதைக் குறை என்றால் நீ கேட்கவா போகிறாய்!

பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் நீ வீடியோவில் சிரித்தபோது, என் அறைத்தோழி, "உங்கம்மா பல்லுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "சின்ன வயசுல கீழ விழுந்துட்டாங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் உன்னைப் பல் டாக்டரிடம் போய் அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கல்லாகிப்போன ஆதிமனித மண்டை ஓடு ஒன்று வந்தது. மண்ணைத் துடைத்து எடுத்தது நான்தான். முன்பற்கள் தேய்ந்து, குறுக்கே கீறல் கீறலாக இருந்தன. மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தோலைப் பல்லுல கடிச்சுப் புடிச்சுக்கிட்டு, கையால அறுத்திருக்காங்க. என்னா உழைப்பு பாருங்க!" என்றார். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். அங்கேயே வேலை பார்க்கும் என் அறைத்தோழியும் அந்தப் பல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். நூலைக் கடித்துக் கடித்து உன் பல்லில் விழுந்த பள்ளம் என் கண்ணுக்குள் நின்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மா.

இன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீ டாக்டரிடம் போகாதே.

இங்கே என் தலையணைக்கு உறை இல்லை. கடையில் மிஞ்சிய துணியில் ஒன்று தைத்து அனுப்பு. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். நூலை மட்டும் கத்தரியால் வெட்டாதே.

உன் மகள்