மிளகு அறையிலிருந்த நீர்மூழ்கி

முள்ளுக்குறிச்சி
4.6.2025

அருள்பிரகாஷ் அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்துவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நகையும் புடவையும் அங்கேயே கிடக்கட்டும். மிளகு அறையில் சாக்குப் போட்டு மூடியிருக்கும் என் குட்டி நீர்மூழ்கிக் கப்பலும் அதன் ரிமோட்டும் வேண்டும். நான்கு வருடம் உங்கள் வீட்டில் சமைத்து, களையெடுத்து, மிச்ச நேரத்தில் பிவிசி குழாயை அறுத்து ஒட்டி நானே செய்தது. வீட்டுத் தொட்டியின் இரண்டடித் தண்ணீரைத் தவிர எங்கும் அதை விட்டதில்லை. குட்டைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டதற்கு, "பொம்பள பொம்மை உட்டு வெளையாண்டா ஊரே சிரிக்கும்" என்றீர்கள்.

கலைமணி அண்ணன் செவ்வாய்க்கிழமை பலா ஏற்றிக்கொண்டு கீழே வருகிறார். அவர் வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

கோகிலவாணி

கொல்லிமலை
12.6.2025

கோகிலாவுக்கு,

புருஷன் பேரை எழுதி 'அவர்களுக்கு' போடும் அளவுக்கு உன் பிறந்த வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்.

கலைமணி வந்தான். வெறுங்கையோடு அனுப்பினேன். உன் குழாய் இப்போது இல்லை. என்னைவிட அதையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்படி என்னதான் செய்யும் என்று நம் குட்டையில் விட்டேன். முங்கியது. வரவில்லை. அவ்வளவுதான் உன் டிப்ளமோ படிப்பு.

அம்மா காய்ச்சலில் கிடந்த அன்றும் நீ அந்த அறையில் பசை தடவிக்கொண்டிருந்தாய். நான் மறக்கவில்லை. குடும்பம் நடத்த வருவதென்றால் வா. குழாயைக் கேட்டு இனி எழுதாதே.

அருள்பிரகாஷ்

முள்ளுக்குறிச்சி
20.6.2025

அருள்பிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, அவர் தூங்கிய பிறகுதான் அறைக்குப் போனேன். அவரையே கேளுங்கள்.

நீர்மூழ்கி விஷயத்தில் பொய் சொல்கிறீர்கள். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால், உள்ளே இருக்கும் சின்ன பம்ப், முங்குவதற்காக ஏற்றிய தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எடை குறைந்து அது தானாக மேலே வரும். அந்த ஒன்றைச் சரிசெய்ய மட்டும் எனக்கு எட்டு மாதம் ஆனது. அது குட்டையில் இல்லை.

எங்கே இருக்கிறது?

கோகிலவாணி

கொல்லிமலை
2.7.2025

கோகிலாவுக்கு,

குட்டையில் இல்லைதான். போதுமா?

அதைக் குட்டையில் விட்ட அன்றைக்கு மிளகுக்கொடி கட்ட வந்த வெளியூர் ஆட்கள் கரையில் நின்றார்கள். நடுக்குட்டை வரை போய் முங்கியது. "போயிருச்சுங்களே" என்று அவர்களில் பாப்பாத்தி என்பவள் சிரித்தாள். நானும் சிரித்தபடி ரிமோட்டை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு தானாக மேலே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏனுங்க, இத ஆருங்க செஞ்சது?" என்றாள். உன் பேர் வாயில் வரவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எதனால் மேலே வருகிறது, எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவர்கள் போனதும் கடப்பாரையை எடுத்து அடித்தேன். ஒரு அடியில் உடையவில்லை.

வீட்டில் இல்லாதபோதும் என்னைத் தலைகுனிய வைக்க உன்னால்தான் முடியும். இனி வக்கீலிடம் போவாயோ, போலீசுக்குப் போவாயோ, உன் இஷ்டம்.

அருள்பிரகாஷ்

முள்ளுக்குறிச்சி
9.7.2025

அருள்பிரகாஷ் அவர்களுக்கு,

விவாகரத்து மனுவில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

உடைத்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லா அளவும் என் நோட்டில் இருக்கிறது. சேந்தமங்கலத்தில் குழாய் வாங்கி அறுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் ஆழத்திலிருந்து அது ஏறி வந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ரிமோட்டை அணைத்ததிலிருந்து மூக்குத் தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆனது? நேராக வந்ததா, ஒரு பக்கம் சாய்ந்து வந்ததா?

இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்ற எதை எழுதினாலும் படிக்கமாட்டேன்.

கோகிலவாணி