பரண் மேல் பரங்கிக்காய் பீர்

நவம்பர் 3, திங்கள்

கம்பெனியில் ஹாலோவீன் என்கிற பேய்த் திருவிழா வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாம். ஆனால் பேயை வாரிக் கொட்ட ஆள் வேண்டுமே. அதற்குத்தான் தோட்டக்காரன் சின்னப்பையன் இருக்கிறேன். எழுபத்தொரு வயதிலும் பெயர் சின்னப்பையன். வேலையும் சின்னப் பையன் வேலை.

வரவேற்பறையில் பரங்கிக்காய்களை மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். இரண்டுக்குக் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு. அதன் பக்கத்தில் நின்று இன்ஜினியர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பரங்கிக்காயை இதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்கள், பாவம்.

ஹெச்.ஆர். அம்மா, "அங்கிள், இதெல்லாம் டிஸ்போஸ் பண்ணிடுங்க" என்றார். வெட்டாத காய்களை கம்பெனி பஸ்ஸில் ஏற்றி எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கு டிஸ்போஸ் செய்தேன். டிரைவர் கேட்டார்: "இன்னா பெருசு, வூட்ல கல்யாணமா, கருமாதியா?"

தாயாரம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "ஏன்யா, லாரி கெடைக்கலியா?" என்றாள். மனைவி என்றால் பாராட்டுவாள் என்று நான் நினைத்ததே இல்லை, அதனால் ஏமாற்றம் இல்லை.

இதை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். போன வருஷம் வரைக்கும் எழுத்து என்பது எனக்கு சுவரில் ஊரும் எறும்பு. இப்போது எறும்பெல்லாம் பேசுகிறது.

நவம்பர் 5, புதன்

காலையில் பரங்கிக்காய் கூட்டு. மதியம் பரங்கிக்காய் சாம்பார். ராத்திரிக்கு என்ன என்று கேட்கவில்லை. தைரியம் வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மாடி ரூமில் குடியிருக்கும் மணிகண்டபிரபு சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் பிரேக் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. கூட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் ரூமில் ஏற்கெனவே நேற்றைய கூட்டு இருந்தது.

"தாத்தா, வெளிநாட்டுல இந்தப் பூசணிக்காய்ல பீரே போடுதான் தெரியுமா? பட்டை, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் தட்டிப் போட்டு கிறிஸ்மஸுக்குக் குடிக்கானாம். நாமளும் போடுவமா? அப்பந்தான் எங்களுக்கு ஷட்டவுன். ஊருக்குப் போவாத பயலுவ எல்லாம் ரூம்லதான கெடப்பானுவ."

"பிரியாணிய கரைச்சுக் குடிக்கச் சொல்றியா?" என்றேன்.

அவன் செல்போனைப் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் தமிழில் செய்முறை எழுதிக் கொடுத்தான். கீழே வந்து படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, யாரையும் கேட்காமல். என் வாழ்நாளில் நான் முழுசாகப் படித்த முதல் தாள், பீர் காய்ச்சுவது எப்படி என்பது. எழுத்தறிவு வகுப்பு டீச்சர் மதிவதனிக்குத் தெரிந்தால் பூரித்துப் போவார்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். தாயாரம்மாள்.

கம்பெனி பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில் ஒயின்ஷாப் வரப்போகிறது. ஹாஸ்டல் பெண்கள் ஷிப்டுக்கு நிற்கிற இடம். வரக்கூடாது என்று மகளிர் குழுவைக் கூட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தவள் தாயாரம்மாள். இப்போது ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்குகிறாள். அவள் வீட்டில் பீர். நல்லா இருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

அவள் ஒயின்ஷாப் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கப் போனாள். நாங்கள் மாடியில் அடுப்பைப் பற்ற வைத்தோம்.

பரங்கிக்காயை வேகவைத்து மசித்தேன். முளைகட்டிய பார்லியும் ஈஸ்டும் பிரபு ஆன்லைனில் வரவழைத்திருந்தான். கூடவே காய்ந்த பூ ஒன்று, ஹாப்ஸ் என்று பெயர். எதற்கு என்றேன். கசப்புக்காம். வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்துக் கசப்பை வாங்குகிறார்கள். கீழ் வீட்டில் இலவசமாகக் கிடைக்குமே என்று சொல்ல நினைத்தேன். கல்யாணமாகாத பையன், பயந்துவிடுவான்.

நான் செய்முறையை உரக்கப் படிக்கப் படிக்க அவன் செய்தான். அப்புறம் நான் படித்துக்கொண்டே கிளறினேன், அவன் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றான். சுக்கும் பட்டையும் லவங்கமும் போட்டபோது மாடி முழுக்க மணம். ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து, தண்ணீர் கேனில் ஊற்றி மூடியில் குளுக்கோஸ் டியூபைச் சொருகினோம். டியூபின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில். காற்று வெளியே போகும், உள்ளே வராதாம். கடைசி வரி: கிறிஸ்மஸ் வரை திறக்கக்கூடாது.

நவம்பர் 12, புதன்

கேன் பேசுகிறது. டுபுக், டுபுக். படி ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மறுபடியும் ஏறினேன். மூட்டு வலிக்கு நல்லதாம், யாரோ சொன்னார்கள்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒண்ணு. காலையில் கதவைத் தட்டினான் பிரபு. கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையச் சந்தனம்.

"சாமி சரணம் தாத்தா. மாலை போட்டுட்டேன். மலைக்குப் போய்ட்டு வார வரைக்கும் அந்தக் கேன் என் ரூம்ல இருக்கக்கூடாது. மேல அய்யப்பன் படம், கீழ பீரு. சரிப்படாதுல்லா?"

"மாலை போடப்போறேன்னு ஒம்பதாந்தேதி தெரியாதாடா?"

"டா போடக்கூடாது தாத்தா. இப்பம் நான் சாமி."

சாமிக்குத் தீட்டு. எனக்கு ஒன்றும் இல்லை. கேனை நானே மடியில் வைத்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறக்கினேன். சாமி தொடமாட்டாராம். பின்னாலிருந்து வழி சொன்னார்.

நவம்பர் 18, செவ்வாய்

"யோவ், பரண் மேல இன்னா அது?"

"ஒரம். கம்பெனித் தோட்டத்துக்கு. இயற்கை ஒரம்."

"ஒரத்துல எதுக்குயா பட்ட லவங்க வாசன வருது?"

"இப்பல்லாம் செடிங்க அப்டிதான் கேக்குது."

நம்பிவிட்டாள். ஐம்பது வருஷமாக என்னோடு வாழ்கிறாள், நான் பொய் சொல்கிற அளவுக்குப் புத்திசாலி இல்லை என்று நினைக்கிறாள். நல்லதுதான்.

நவம்பர் 26, புதன்

மழை. தெருவெல்லாம் தண்ணீர். பரண் மேல் டுபுக் குறைந்துவிட்டது. எனக்குத்தான் போரடிக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. பெயர் மகாராஜா, ராஜ்யம் பார். ஒயின்ஷாப் வந்தால் பக்கத்தில் பார் நடத்தப்போகிறவர் அவர்தான். எனக்கு டீ சொன்னார். பலகாரம் சொன்னார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

"பெரியவரு நல்லா நடிக்கீரு" என்று செல்போனை நீட்டினார்.

அதில் நான். மாடியில், வெற்றுடம்போடு, அண்டாவைக் கிளறிக்கொண்டு. சாமி மாலை போடுவதற்கு முன்னால் இதை ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். தலைப்பு: எங்க தாத்தா பீரு. என் குரல் கேட்டது. 'ஈஸ்டைக் கலந்து காற்றுப் புகாமல் மூடவும்.'

உண்மையைச் சொல்கிறேன், இது என் நோட்டு. முதலில் பயம் வரவில்லை. எவ்வளவு தெளிவாகப் படிக்கிறேன் என்றுதான் தோன்றியது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அப்புறம் அவர் சொன்னார்: "பன்னெண்டாந்தேதி தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. அக்காவுக்கு அன்னைக்குக் காய்ச்சல் வரட்டும். வரலைன்னா இந்தப் படம் தாசில்தார் முன்னால ஓடும். பெறகு ஊர்ல ஒரு பய அக்கா பேச்சக் கேப்பானா, சொல்லும்?"

பலகாரத்துக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

கேனைச் சாக்கடையில் கொட்டலாம். படத்தை எங்கே கொட்டுவது?

அவள் போனால் அத்தனை பேர் எதிரில் தலைகுனிவு. போகாவிட்டால் கடை வந்துவிடும், அந்தப் பெண்கள் குடிகாரன்கள் நடுவில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ரெண்டுக்கும் நான்தான் காரணம். எயவு, ஒரு பரங்கிக்காய குப்பையில போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கூட்டு வச்சாளே, தின்னுட்டு கம்னு கெடக்க வேண்டியதுதானே? எவன் கேட்டான் உன்ன பீரு?

மாலையில் சொல்லிவிட்டேன். உரம் இல்லை என்பதிலிருந்து மகாராஜா வரைக்கும். தாயாரம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தினி லிட்டரு?" என்றாள்.

"ஒரு கேனு."

பூவை எடுத்துக் கட்டி முடித்தாள். திட்டவில்லை. ஐம்பது வருஷத்தில் அவள் திட்டாதது இன்றைக்குத்தான். பயமாக இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

காலையில் நல்ல புடவை கட்டியிருந்தாள். மகாராஜாவிடம் சமாதானம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். மனசு உடைந்துவிட்டது.

"சட்ட போடு. கேனத் தூக்கு" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் கேன் என் மடியில். பக்கத்தில் ஷிப்டு முடிந்து வந்த பிள்ளைகள். "இன்னா தாத்தா, ஜூஸா? வாசனையே தூக்குது." தாயாரம்மாள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில், "எறங்கு" என்றாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யம்மா, எதுக்கு இது?"

"என் வூட்டுக்காரரு பீரு காச்சிக்கிறாரு சார். கேசு போடுங்க."

"எதுனா சண்டையா உங்களுக்குள்ள? வூட்டுக்குப் போய்ப் பேசித் தீத்துக்கங்கம்மா."

"சண்டையெல்லாம் இல்ல. நீங்க எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இங்கயே குந்திக்கினு கீறேன்."

அவள் குந்துவாள் என்பது ரோட்டில் குந்தியபோது அவரே பார்த்தது. எழுதினார்கள். அரசாங்கம் விற்றால் வருமானம், நான் காய்ச்சினால் குற்றம் என்று சொல்ல வாய் வந்தது. தாயாரம்மாள் பக்கத்தில் இருந்ததால் போய்விட்டது. கேனுக்கு அரக்கு வைத்து சீல் போட்டார்கள். ரைட்டர் மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பேனா கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

ஜாமீனுக்கும் அவளே ஆள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அடுத்தவன் பிடித்துக் கொடுத்தால் அவமானம். பெண்டாட்டி பிடித்துக் கொடுத்தால் கொள்கை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். இட்லி நன்றாக இருக்கிறது என்று இட்லியிடம் சொன்னேன்.

டிசம்பர் 12, வெள்ளி

தாலுகா ஆபீஸ். நான் கடைசி நாற்காலியில், குற்றவாளி மாதிரி. மாதிரி என்ன, குற்றவாளிதான்.

தாசில்தார் பேச ஆரம்பித்ததும் மகாராஜா எழுந்தார். "சார், ஒயின்ஷாப் வேண்டாம்னு சொல்லுத இந்தம்மா வீட்டுல என்ன நடக்குன்னு பாருங்க." படத்தை ஓடவிட்டார். ஈஸ்டைக் கலந்து காற்றுப் புகாமல் மூடவும். சத்தம் பெரிதாக வைத்திருந்தார், புண்ணியவான். பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தாயாரம்மாள் பையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தெரியும் சார். புடிச்சுக் குடுத்ததே நான்தான். என் புருசனயே உடல நானு. இவரு கடைய உட்டுருவனா?"

குழுவிலிருந்து சந்திரம்மாள் ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், அந்த ஆபீஸ் சுவரில் இருந்த பல்லி விழுந்திருக்கும். தாசில்தார் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். மகாராஜா படத்தை நிறுத்தத் தெரியாமல் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தடவை ஈஸ்டைக் கலந்தேன்.

அந்த இடத்தில் கடை வராது என்று எழுதிக் கொடுத்தார்கள். தாயாரம்மாள் அதை என்னிடம் நீட்டினாள், வாயைத் திறக்காமல். படித்துக் காட்டினேன். எல்லாப் பெண்களும் கேட்டார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஊரில் எனக்குப் புதுப் பெயர்: ஈஸ்ட் தாத்தா. தாயாரம்மாள் இன்னும் பேசவில்லை.

டிசம்பர் 20, சனி

சாமி மலைக்குக் கிளம்பினார். காலில் விழ வந்தார். "மாலை போட்டவரு என் கால்ல விழக்கூடாது சாமி, நான் ஜாமீன்ல இருக்கறவன்" என்றேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடியும் கழுவினாள்.

டிசம்பர் 25, வியாழன்

கம்பெனிகள் எல்லாம் மூடியிருக்கின்றன. பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், ஒயின்ஷாப் வரவிருந்த கட்டிடத்தில் ஒரு பெண் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். ஊருக்குப் போகாத பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தாயாரம்மாள் காபியை வைத்தாள். போகவில்லை. நின்றாள்.

"யோவ்."

"இன்னா?"

"எப்டிதான் இருந்துச்சு அது?"

"எது?"

"அதான்யா. கேன்ல காச்சினியே."

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கிறிஸ்மஸு வரைக்கும் தொறக்கக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் தொறக்கல. நீ ஸ்டேஷன்ல குடுத்துட்ட."

அப்படியே என்னைப் பார்த்தாள். "ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டு கூட இல்ல. சோதனைக்கு அனுப்பிக்கிறாங்களாம். அங்க எவனாவது மோந்து பாத்திருந்தாத்தான் உண்டு."

"குடிக்காத பீருக்கா கேசு?" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து சிரித்தாள். "த்தூ, ஆம்பளையா நீ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையிலிருந்து இப்போதும் நடுநடுவே ஒரு சிரிப்பு வருகிறது. எழுத விடமாட்டேன் என்கிறாள். நானும் உள்ளே போகிறேன்.