கிப்லாப் பெட்டியும் ஒரு பல் உள்ளியும்

நிந்தவூர்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒல்லாந்திலிருந்து நீ அனுப்பிய பொதி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சொக்லட்டா?" என்று கேட்டார். படங்கள் என்றதும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போனில் கதைத்தால் முன்வாசல் வரை கேட்கும். அங்கே பேப்பரோடு யார் உட்கார்ந்திருப்பார் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், உன் படிப்புக்கென்று நீ சேர்க்கிற அந்தப் பழைய கருவிப் படங்கள். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் மரக் கவராயத்தால் வட்டம் போடுகிறவள் நான். அந்தக் கருவியையும் ஒருவர் மதித்து ஓவியமாக வரைந்திருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கேத்திரகணிதம் என்று ஒரு பெண்ணை வரைந்து, அவள் கையில் கவராயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல உடுப்பு, நல்ல நிமிர்வு. ஆனால் அவள் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தாயா? தலையைப் பிடிக்காமல் காலைப் பிடித்திருக்கிறாள். அப்படிப் பிடித்தால் வட்டம் வராது, முட்டைதான் வரும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கேட்காமலே அவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அடுத்த படத்தை, படைத்தவனே கவராயத்தோடு குனிந்து உலகத்தை அளப்பதாக வரைந்ததை, கண்டதும் பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்து கவிழ்த்து வைத்துவிட்டேன். அவர்களுடைய மார்க்கம், அவர்கள் வரைகிறார்கள், நமக்கு ஆகாது. ஆனால் பின்னேரமாக மனம் கேட்கவில்லை. உருவத்தைக் கடித உறையால் மறைத்துவிட்டுக் கவராயத்தை மட்டும் பார்த்தேன். ஒரு கால் நடுவில், மற்றக் கால் விளிம்பில், பிடி சரியாக இருந்தது. அந்தக் காலத்து மேசன்மாரும் இதே கவராயத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள் என்று நீ எழுதியதை வேண்டுமென்றே உரத்து வாசித்தேன். முன்வாசலில் வாப்பா பேப்பரின் ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உன்னோடு கதைத்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. ஒரு தரம்கூட நான் இதை உனக்கு எழுதவில்லை, இன்று எழுதுகிறேன். அவர் பக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காத தகப்பன் நம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க ஏலாது. மற்றவர்களுக்கு முப்பது வீடு கட்டிய மேசன் காலிதீன், தன் ஒரே மகளின் வீட்டை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கட்டினார். தொழுகை அறைக்குக் கறுப்புக் கரை போட்ட டைல்களை மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்துப் பதித்தார். ஹஜ்ஜில் வாங்கி வந்த, காந்த ஊசி வைத்த பித்தளைக் கிப்லாப் பெட்டியை வைத்துத்தான் திசை பிடித்தார். நீ போய் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அத்தனை வேலைக்காரர் முன்னாலும், "வாப்பா, இது பதினாறு பாகை பிழை" என்றாய். நீ சொன்னது கணக்கு. அவர் காதில் விழுந்தது வேறு. அப்படியென்றால் வீட்டையும் நீயே கட்டு என்றார். கொஞ்சம் சாய்ந்தாலும் தொழுகை செல்லுபடியாகும் என்று மௌலவி சொன்னதைப் பிடித்துக்கொண்டார். நீ விமானம் ஏறிய நாளில்கூட அட்டாளைச்சேனையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அன்று அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

இனி நடந்ததைக் கேள். உன் கடிதத்தில் அந்த உள்ளிக் கதை இருந்ததே, வெள்ளைப்பூண்டு பட்டால் காந்த ஊசி கெட்டுவிடும் என்று பழைய காலத்துப் படித்தவர்களே நூற்றுக்கணக்கான வருடம் நம்பினார்கள் என்று. இத்தனை காலமாக ஒருவருமா தேய்த்துப் பார்க்கவில்லை? எனக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை காலை அலுமாரியிலிருந்து கிப்லாப் பெட்டியை எடுத்துக் குசினி மேசையில் வைத்து, ஒரு பல் உள்ளியை நசுக்கிக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தேன். ஊசி அசையவில்லை. வாப்பா தேத்தண்ணீரோடு வந்து, "ஹஜ்ஜுச் சாமானுக்குத் தாளிக்கிறயா?" என்றார். ஆராய்ச்சி என்றேன். பிறகு தேங்காய் திருவத் திருவலையை இழுத்து மேசையில் வைத்தேன். அதன் இரும்பு நாக்கு பெட்டிப் பக்கம் வந்ததும் ஊசி திரும்பிவிட்டது. எடுத்தால் பழைய இடத்துக்குப் போகிறது, வைத்தால் திரும்புகிறது. கப்பல்காரர் திசைகாட்டிக்குக் கிட்ட இரும்பாணிகூட அடிக்க மாட்டார்கள் என்று நீ எழுதியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. வாப்பாவுக்கு அதற்கு மேல் விளங்கிவிட்டது. கோப்பையை வைத்தார். திருவலையைத் தானே மூன்று தரம் நகர்த்திப் பார்த்தார். உள்ளி மணத்தோடேயே பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

மிச்சத்தை நேற்றுப் பின்னேரம் காரைதீவு பூபாலசிங்கம் வந்து சொன்னார். உனக்குத் தெரியுமே, வாப்பாவோடு இருபது வருடமாக டைல் பதிக்கிறவர். அன்று திசை பிடிக்கும்போது மட்டமான இடம் வேண்டும் என்று, தூணுக்கு வந்திறங்கிய கம்பிக் கட்டின் மேல் பலகை போட்டு, நீர்மட்டம் பார்த்து, அதன் மேல்தான் பெட்டியை வைத்தார்களாம். மேசன் புத்தியைப் பார். மட்டம் ஒரு நூல் பிசகவில்லை, அடியில் கிடந்ததோ அரை லொறி இரும்பு. புதன்கிழமை வாப்பா பெட்டியைக் கம்பி இல்லாத வயல் வரம்புக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அங்கிருந்து நூல் பிடித்து உன் வீட்டுத் தொழுகை அறைக்குள் கொண்டுவந்து, பழைய கரைக்கும் நூலுக்கும் இடையில் எத்தனை பாகை என்று அளந்திருக்கிறார். "டீச்சர், காலிதீன் நானா பதினாறு எண்டு ஒரு சொல்தான் சொன்னார். பிறகு நிலத்தில இருந்திட்டார். நான் தண்ணி குடுத்தும் குடிக்கல்ல" என்றார் பூபாலசிங்கம்.

அதன் பிறகு எழும்பி உளியை எடுத்தாராம். அந்த டைல் முழுவதையும் தானே உடைத்தார், பூபாலசிங்கத்தை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. இரண்டு நாளாகப் புதிதாகப் பதிக்கிறார். வீட்டில் என்னிடம் அட்டாளைச்சேனை வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கொப்புளம். நானும் ஒன்றும் கேட்காமல் எண்ணெய் பூசிவிட்டேன். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று ஜும்ஆ முடிந்து வந்தவர், நான் இந்தக் கடிதத்துக்குத் தாள் எடுப்பதைக் கண்டார். நேரே வந்து கிப்லாப் பெட்டியைத் தாளின் மேல் வைத்தார். "இதயும் அவளுக்கு அனுப்பு. இரும்பில்லாத இடத்தில வெச்சுப் பாக்கச் செல்லு" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அறைக்கு நடுவில ஒரு டைல் கல் வெக்காம விட்டிரிக்கன். பெட்டி இல்லாம அத வெக்க ஏலா. அவள் கையால அளந்து பாக்கட்டும்" என்றார். இதை நீங்களே போனில் சொல்லுங்களேன் என்றேன். "இப்ப செல்லிட்டன்தானே" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பெட்டியைப் பஞ்சு சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளி மணம் இன்னும் போகவில்லை. வடக்கே போகப் போக ஊசியின் வடக்கு முனை கீழ்ப்பக்கம் சாயும் என்று வாசித்தேன். அங்கே எவ்வளவு சாய்கிறது என்று அளந்து எழுது, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வானாக, உன்னை நோயில்லாமல் காப்பானாக. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், மகள். பார்த்து முடித்ததும் பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதே. கையில் கொண்டு வா.

உன் வரவுக்குத் துஆச் செய்யும்
உம்மா சரீபா