புது மேனேஜருக்கு ஓர் எட்டு முழ வேட்டி

தி. நகர் ஜவுளிக் கடையின் இரண்டாவது மாடியில் விற்பனையாளர் ஒரு புது வேட்டியை உதறி மேசை மேல் விரித்தார். கஞ்சி வாசனை குப்பென்று எழுந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாய்.

"யாருக்கு மேடம்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தலை தீபாவளியா? ஆள் உயரமா?"

"நல்ல உயரம். வெளிநாட்டுல இருக்கார்."

"அப்ப எட்டு முழம் எடுத்துக்குங்க. இந்தக் கரை ஃபாரின்ல இருக்கறவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்."

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. இந்த வேட்டி எங்கோ இங்கிலாந்தில் மழையில் நின்று கத்திக்கொண்டிருக்கும் ஒரு கால்பந்து மேனேஜருக்கு என்பதும் தெரியாது. சொல்லியிருந்தால் பில் போடாமல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருப்பார். நானும் சொல்லவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் இறங்கி நடந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடங்களாக இந்த வேட்டியை வாங்கியது நீ. பக்கத்தில் நின்று கேலி செய்ததுதான் என் வேலை.

நமக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது கல்லூரியில். கப்பல் வேலைக்குப் போன உன் அண்ணன் ஏதோ துறைமுகத்திலிருந்து கால்பந்து டீமின் நிறம் போட்ட ஒரு கம்பளி மஃப்ளர் வாங்கி வந்தார். எந்த டீமுடையது என்று அவருக்கே தெரியவில்லை. நீ கண்டுபிடித்தாய். கண்டுபிடித்த நாளிலிருந்து அது நம்ம டீம் ஆனது. வேறு டீமாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் புலம்பாத வருடம் இல்லை. கோப்பை எதையும் தொட்டதில்லை. கீழே விழுந்து காணாமலும் போவதில்லை. நடுவில் எங்கேயோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் டீம். மே மாத வெயிலில் அந்தக் கம்பளியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சாந்தோம் பஸ் நிறுத்தத்தில் நீ நின்றதைப் பார்த்து, "தொண்டை வலியாம்மா?" என்று ஒரு கண்டக்டர் அக்கறையாக விசாரித்தார்.

வேட்டி விஷயம் அதற்குப் பிறகு, என் தலை தீபாவளியன்று தொடங்கியது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நீ காலையிலேயே வந்துவிட்டாய். அம்மா என் கணவரை உட்கார வைத்து எண்ணெய், சீயக்காய், லேகியம், ஜரிகை வேட்டி, வெள்ளித் தட்டில் பட்சணம் என்று ஓடிக்கொண்டிருந்தாள். நீ வாயில் அதிரசத்தோடு கேட்டாய்.

"ஏம்மா, இவ்வளவு மரியாதையா? இவரு இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடலையே!"

அம்மா அசரவில்லை. "மாப்பிள்ளைன்னா வந்த ஒடனேயே கொண்டாடிடணும்டி. அப்பறம் எப்படியும் பழகிப் போயிடும்" என்றாள்.

அன்று நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்ததை நான் பார்த்தேன். அந்த மாதம்தான் நம் டீமுக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். மறுநாளே அவருக்கு ஒரு வேட்டி வாங்கினாய். அதன் பிறகு அது சட்டமாகிவிட்டது. புதிதாக வரும் எந்த மேனேஜருக்கும் நம் வீட்டில் பெயர் கிடையாது, மாப்பிள்ளைதான். அவர் முதல் வெற்றி பெற்றதும் தலை தீபாவளிக்கு வேட்டி வாங்கி உன் பீரோவில் வைத்துவிடுவாய். அது ஆகஸ்ட் மாதமாக இருந்தாலும் சரி. தீபாவளி வரைக்கும் வேலையில் இருந்தால் வேட்டி டிவிக்கு மேல் ஏறும், வாசலில் கம்பி மத்தாப்பு கொளுத்துவோம். அதற்குள் தோற்றுத் தோற்று வேலை போய்விட்டால் வேட்டி உன் வீட்டுக்காரர் ஜேம்ஸ் அண்ணனுக்கு.

பாவம், மனிதர். அவருக்கு அப்போது பந்து உருண்டையானது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பளபளவென்று வேட்டி கட்டி வருவார். யாராவது "புது வேட்டியா சார்?" என்று கேட்டால், "எனக்கு எடுத்தது இல்லீங்க. வேலை போனவன் ஒருத்தனோடது" என்பார். கேட்டவர்கள் அதன் பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு மாப்பிள்ளைதான் தீபாவளியைப் பார்த்தார். மத்தாப்பு கொளுத்தி ஆடினோம். அடுத்த திங்கட்கிழமை அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் நீ புதிதாக நம்பினாய். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும், போனில் உன் குரல் கல்யாண வீடு மாதிரி இருக்கும். "பாஸ் பண்றானுங்கடி! நம்ம ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பாஸ் பண்றானுங்க!" என்பாய். நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: "பார்க்கலாம்."

உனக்கு நோய் வந்து அடையாறு மருத்துவமனைக்கு அலைந்தபோதும் அப்படித்தான். புது டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். முதல் ஸ்கேன் நன்றாக வந்தது. நீ அறையிலிருந்து வெளியே வந்து, தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை நல்லா ஆரம்பிச்சிருக்காரு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டினாய். "பார்க்கலாம்னு சொன்னே, உதைப்பேன். நட, பீச்சுக்குப் போறோம்." பெசன்ட் நகரில் மசாலா தடவிய சோளம் தின்றோம். பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்க முடியாமல் நீ சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற பட்டம் விற்பவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நீ கோயில் பாடற்குழுவில் திரும்பப் பாடினாய். கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லோருக்கும் கல்கல் பலகாரம் செய்தாய். முடிவு என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அந்தச் சோளத்தின் ருசி குறையவில்லை.

நீ போன பிறகு, உன் வீட்டில் கூடி மேட்ச் பார்க்கும் சனிக்கிழமைகள் நின்றுபோயின. உன்னைப் பார்த்துக்கொள்வதற்காக விருப்ப ஓய்வு வாங்கிய ஜேம்ஸ் அண்ணன், அபிராமபுரம் வீட்டில் தனியாக இருந்தார். பெங்களூரிலிருந்து உன் பையன் தினமும் கூப்பிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிடச் சொன்னான். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்டபோது உன்னை இரண்டாவது முறை இழப்பது போலிருந்தது. அந்த வீடும் போய்விட்டால் உன்னைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு வேறு இடமில்லை. ஆனால் ஒரு தகப்பனை மகனிடம் போகாதே என்று சொல்ல நான் யார்?

ஆகஸ்டில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, புதுசா ஒரு மாப்பிள்ளை வந்திருக்கானாமே? பேப்பர்ல போட்டிருக்கான். முதல் மேட்ச் ஜெயிச்சுட்டானாம்."

"ஆமாண்ணா."

"அவ இருந்தா இந்நேரம் கடைக்குப் போயிருப்பா." பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமை வா. இவன் தோக்குற வரைக்கும் இங்க இருக்கேன். தோத்ததும் பையன்கிட்ட கெளம்பிடறேன்."

நம் டீமைப் பற்றித் தெரிந்திருந்ததால் அடுத்த வாரமே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் என்ன நடந்தது தெரியுமா? ஜெயித்தார்கள். அடுத்ததும் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததில், முடியப்போகிற நேரத்தில், நீ எப்போதும் திட்டும் அந்த நெட்டைப் பையன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். நான் சோபா மேல் ஏறி நின்றேன். நாற்பதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி. மற்றவர்களுக்கு ஒரு வெற்றி என்றால் மூன்று புள்ளிகள். எனக்கு ஒவ்வொரு வெற்றியும் அந்த வீடு இன்னும் ஒரு வாரம் திறந்திருக்கும் என்ற செய்தி.

தெருமுனை கேபிள் கடைக் குமாரும் பழையபடி வரத் தொடங்கினான். இன்னமும் கோப்பைகளை அள்ளும் ஒரு பணக்கார டீமின் ஆள்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னாண்ணா, ஒங்க மாப்ள இன்னும் வேலைல கீறாரா? பொட்டி கட்டிட்டாரா?"

"உக்காருடா. உங்க ஆளு கட்டாம பாத்துக்கோ."

"யக்கா, நீயாவது சொல்லு. இதெல்லாம் ஆரம்ப சூடு. தீபாவளிக்குள்ள புஸ்ஸுனு போய்டும்."

முன்பு என்றால் நானும் அவன் பக்கம் சேர்ந்திருப்பேன். இப்போது, "இந்த ஆள் வேற மாதிரி குமார்" என்றேன். என் காதில் விழுந்தது உன் குரல்.

போன சனிக்கிழமை தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை, மூன்று கோல். இரண்டாவது கோல் விழுந்தபோதே நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கத் தொடங்கினேன். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். குமாருக்கு அவர் வைத்த கெடு பற்றித் தெரியாது. அவன் பாட்டுக்குக் குதித்தான்.

"முட்ஞ்ச்சி! விருந்து முட்ஞ்ச்சி! மாப்ளைய பஸ் ஏத்தி வுடுங்கண்ணா!"

ஜேம்ஸ் அண்ணன் எழுந்தார். கட்டியிருந்தது முந்தைய மேனேஜரின் வேட்டி. அதை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

"டேய், வாயை மூடுடா! வந்து எத்தனை நாளாச்சு அவனுக்கு? லெஃப்ட் பேக் ஆடறவனுக்குக் காலு உடைஞ்சிருக்கு, தெரியுமா ஒனக்கு? இருக்கற பசங்களும் வாரத்துல ரெண்டு மேட்ச் ஆடிட்டு வந்திருக்கானுங்க. ஒரு மேட்ச் தோத்தா வீட்டை விட்டுத் தொரத்துவியா? மாப்பிள்ளைடா அவன்!"

குமார் சோபாவின் மூலைக்கு நகர்ந்தான். "ண்ணா, ஒங்க மாப்ளதான், ஒத்துக்கிறேன். அதுக்கு என்னை ஏன்ணா அடிக்க வர்ற?"

அண்ணன் சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். குமார் டீ வாங்கி வருகிறேன் என்று தப்பித்து ஓடினான்.

அப்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, தோத்துட்டாங்களாமே? அப்ப டிக்கெட் போட்டுடட்டுமா?"

நான் டம்ளர்களை எடுக்கிற மாதிரி சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப எப்படிடா வர்றது?" என்றார் அண்ணன். "மிட்ஃபீல்டு இன்னும் செட் ஆகலை."

"அதுக்கு நீங்க என்னப்பா பண்ணப் போறீங்க?"

"கூட இருந்து பாக்கணும்ல? சீசன் முடியட்டும், அப்பறம் பேசலாம். நீ வேணா தீபாவளிக்கு இங்க வா."

பையன் சிரித்துவிட்டு, "சரிப்பா, வர்றேன்" என்றான். மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கு நான் பஸ் பிடித்து தி. நகருக்குப் போனேன்.

நீ ஏமாளி என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மேனேஜரும் போவார் என்பது உனக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது புரிகிறது. தெரிந்துகொண்டேதான் கொண்டாடினாய். நான் சந்தோஷத்தைக் கடைசி வரைக்கும் கட்டிவைப்பவள். முடிவு தெரிந்த பிறகு பிரித்துப் பார்க்கலாம் என்று இருந்தவள். உன்னிடமிருந்து என் கைக்கு வந்து சேர்ந்திருப்பது, காத்திருக்காமல் அதைப் பிரிக்கிற துணிச்சல். இப்போது எதற்கெல்லாமோ அது வருகிறது. மகள் கணக்கில் கொஞ்சம் தேறினால் அன்றைக்கே பாயசம் வைக்கிறேன். "அம்மா, இன்னும் பரீட்சையே வரலை" என்கிறாள்.

வருகிற சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம். லெஃப்ட் பேக் இன்னும் திரும்பவில்லை. எதிரில் ஆடப்போவது குமாரின் டீம். நாங்கள் ஜெயிக்கப் போகிறோம்.