‘போட் நடக்குது’ என்றார் துரை

என் ஆசை மச்சான் செல்லையாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. போட் இப்போது ஆடுவதில்லை. உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றிய செய்தி இதுதான். முழு வேகத்தில் விட்டாலும் கோடு போட்டது போல ஏரியில் போகிறது. கரையில் நின்று பார்த்தேன்.

என்னடா பழுது என்று கேட்பாய். ஸ்டீயரிங்கிலிருந்து பின்னால் மோட்டாருக்குப் போகிற கம்பிக் கயிறு தொய்ந்து கிடந்தது மச்சான். இரண்டு விரல் தொய்வு, அவ்வளவுதான். நீ சக்கரத்தை அசைக்காமலேயே மோட்டார் தன் இஷ்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியிருக்கிறது. மெல்லப் போகும்போது தெரியாது. வேகம் ஏறி, முன்பாதி தண்ணீரை விட்டு எழும்பி, பின்னால் ஒரு சாண் இடத்தில் மட்டும் போட் ஊன்றி நிற்கிறதே, அப்போதுதான் அதன் புத்தி தெரியும். கயிற்றை இறுக்கினேன். மோட்டார் திரும்புகிற இடத்தில் தேய்ந்துபோன புஷ் வளையத்தை மாற்றினேன். அரை நாள் வேலை. அரை நாள்!

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் நீ வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். நான் அதே தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஃபிட்டர், உன் தங்கை லெட்சுமியைக் கட்டியவன். நுவரெலியா ஏரியில் துரைக்குப் பலகைப் போட் ஒன்று இருந்தது. ஏப்ரல் சீசனில் மற்றத் துரைமாரை முந்த வேண்டும் என்று கொழும்பிலிருந்து பெரிய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, மாட்டு என்று என்னிடம் தந்தார். ஓட்டிப் பார்க்க நீ. நமக்குப் போட்டைப் பற்றி என்ன மண்ணாங்கட்டி தெரியும்? கொழுந்து அரைக்கிற ரோலர் தெரியும், லொறி தெரியும். நீச்சல்கூடத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நாம் எப்போது நின்றோம்?

முதல் நாள் போட்டின் மூக்கு தவளை மாதிரி குதித்தது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு கரைக்கு வந்து, “மாப்ள, கொடலு வாய்க்கு வந்துருச்சுடா” என்றாய். மோட்டாரைச் சாய்த்து வைக்கிற ஊசியை ஒரு துளை உள்ளே தள்ளினேன், பெட்ரோல் டாங்கியைத் தூக்கி முன்னால் வைத்தேன். குதியாட்டம் நின்றது. என் தலைக்கனத்தைக் கேட்க வேண்டுமா? என்னைவிட்டால் ஆள் இல்லை என்று இருந்தேன்.

அன்று பிற்பகல் துரை தானே ஏறி முழு வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கியதும் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “பாரு, போட் நடக்குது. ரொம்ப நடக்குது.”

நாம் இருவரும் இளித்துக்கொண்டு சலாம் போட்டோம். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “நடக்குது!” என்று மறுபடியும் சொல்லி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நான் நினைத்தேன். அவர் கிளப்புக்குப் போய்விட்டார்.

நீதான் கேட்டாய் மச்சான். “மாப்ள, தொர மொகத்துல சிரிப்பே இல்லையேடா. என்னா ஏதுன்னு ஒருதரம் கேட்டுட்டு வருவமா?”

“அட போ மச்சான்! நல்லா நடக்குதுன்னு அந்த மனுசன் வாயாலயே சொல்லிட்டாரு. இன்னும் என்னாத்த கேக்கப் போற? கிளப்பு வாசல்ல போயி நின்னா நாய அவுத்து வுட்டுருவானுங்க.”

நீ சிரித்தாய். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை நீ தனியாக ஏறினாய். ஏரியின் நடுவில் வேகம் பிடித்ததும் போட் வலது தோளால் தண்ணீரை அறைந்தது, பிறகு இடது தோளால், மறுபடி வலது. ஒவ்வோர் அறையும் முந்தினதைவிடப் பெரிது. நீ சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தாய். கயிறு தொய்ந்திருக்கும்போது அது எப்படிக் கேட்கும்? சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பி உன்னைத் தூக்கி வீசிவிட்டது.

ஆள் இல்லாத போட் உன்னைச் சுற்றிச் சுற்றி ஓடியது. துடுப்புப் படகில் ஒருவர் உன்னை நோக்கிப் போனார். அந்த வட்டத்துக்குள் நுழைய அவராலும் முடியவில்லை. நீ ஒரு தரம் கையைத் தூக்கினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரையில் நின்று ஸ்பானரை ஆட்டிக்கொண்டு கத்தினேன். பெட்ரோல் தீர்ந்து போட் நிற்கும்வரை கத்திக்கொண்டே இருந்தேன்.

உன் சாவு விசாரணையில் துரை இங்கிலீஷில் சொன்னதைத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார்: “போட் ரெண்டு பக்கமும் ஆடி ஆடி, மனுசன் கால் மாத்தி நடக்கிற மாதிரிப் போகுது, சரி பண்ணுங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாராம்.” அந்த ஆட்டத்துக்கு அவர்கள் பாஷையில் நடை என்று பேராம். துரை அதை அப்படியே தமிழாக்கிவிட்டார். நமக்கு நடக்கிறது என்றால் என்ன? கல்யாணம் நடக்கிறது, வேலை நடக்கிறது, ஸ்டோர் நடக்கிறது. ஆபத்து என்று யாருக்குத் தோன்றும்?

“தொர சொன்னாரா, இல்லையா?” என்று கேட்டார்கள். “சொன்னாரு” என்றேன். சொன்னது உண்மைதானே. நமக்கு அது எப்படி விளங்கியது என்பதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். எச்சரித்தும் கேளாமல் ஓட்டினார் என்று எழுதிக்கொண்டார்கள்.

உன் பெண்சாதி மீனாட்சி அக்கா அழுவதில்லை மச்சான், உன்னைத் திட்டுகிறாள். கொழுந்து எடுக்கும்போதும் திட்டுகிறாள். “சொன்ன பேச்ச கேட்டாத்தானே அந்த மனுசன்! வேகம் வேகம்னு போயி எங்கள நட்டாத்துல விட்டுட்டாரு.” உன் படத்துக்கு ஒரு பூ வைப்பதில்லை. போன வாரம் உங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். பால் போடாத சாயத் தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “நீயாவது பக்கத்துல இருந்து சொல்லக்கூடாதா தம்பி?” குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய? எத்தனையோ தரம் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

அதனால்தான் எழுதி, நம் ஆட்கள் நடத்துகிற பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லெட்சுமிதான் வாசித்துக் காட்டுவாள். அவளுக்கும் இன்னும் தெரியாது. ஆகவே அவள் வாயாலேயே வரட்டும்: அக்கா, அவர் பேச்சைக் கேளாதவர் இல்லை. கேட்டுவிட்டு வருவோம் என்றார். வேண்டாம் என்று தடுத்தவன் நான்.

லெட்சுமி இந்த இடத்தில் நிறுத்துவாள், அண்ணன் ஆயிற்றே. அக்கா என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து வெளியே போக மாட்டேன் மச்சான். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன், போ என்று சொன்ன பிறகுதான் போவேன். இது சத்தியம்.

வாசி லெட்சுமி, இன்னும் ஒரு வரிதான் இருக்கிறது.

உன் தங்கையைக் கட்டியவன், உன்னைக் கேட்கவிடாதவன்,
மருதை