குங்குமம் வைத்த மூட்டைகள்

மதினி, அந்த வாடை திரும்பி வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. நான் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். புறவாசலில் உங்கள் மகளுக்கென்று தனி அறை கட்ட அண்ணன் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தான். நீங்கள் வைத்த முருங்கையை முதல் நாளே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வேரைப் பெயர்த்த குழியிலிருந்து அது எழும்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பூசணம் பிடித்த சாக்கும் ஈரச் சுவரும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. மூக்கில் நிற்காமல் தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதே வாடை.

கொத்தனார் மேலேறி வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சி, கீழ என்ன கெடக்கு? கண்ணு எரியுது."

"அப்பா காலத்து எருக்குழி. பழைய சாக்கா இருக்கும். நீரு தோண்டும் வே."

"எருக்குழின்னா ஒரு புழுவாவது நெளியுமே அண்ணாச்சி!"

அண்ணனின் பதில், அவர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டதை நான் கவனித்தேன். கேள்வி முடியும் முன்னே வருகிற பதில் முன்கூட்டியே செய்து வைத்த பதில் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போனேன்.

நீங்கள் சாத்தான்குளத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாவை முதலில் நோகடித்தது உங்கள் மூக்குதான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவீர்கள். அதன் பிறகுதான் வாய்க்குப் போகும்.

"ஏம்மா, ஆத்துத் தண்ணியவா மோந்து பாக்க?" என்றாள் அம்மா. தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் அவள். தண்ணீரைச் சந்தேகப்படுவது பெற்றவளைச் சந்தேகப்படுவது மாதிரி அவளுக்கு.

"பழக்கம் அத்தை. எங்க ஊர்ல கெணத்துக்குக் கெணறு வாடை மாறும். மோந்து பாக்காம குடிச்சா வயிறு சொல்லும்."

அம்மா இதை ஆழ்வார்திருநகரி வரைக்கும் உள்ள சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதுவரை தண்ணீருக்கு வாடை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை ஒரு சோம்பல் என்று அன்றைக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

அப்பா விட்டுப்போன உரக்கடையை அண்ணன் நடத்திக்கொண்டிருந்தான். மத்தியான நேரத்தில் கல்லாவில் நீங்கள் உட்காருவீர்கள். கல்லூரியில் வேதியியல் படித்த படிப்புக்கு அந்த நாற்காலிதான் கிடைத்தது. பூச்சிமருந்து பாட்டில்களின் மூடியருகே முகர்ந்து பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பீர்கள். வாழைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள்: "தாயி மோந்து குடுத்தா பூச்சி பாதி மயங்கிரும்லா." நீங்களும் விட மாட்டீர்கள். "போன வருசம் தடை பண்ணுன மருந்து இந்த வருசம் வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி. சட்டை மாறும், வேர்வை வாடை மாறாதுல்லா?"

அப்படித்தான் ஒருநாள் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் அந்த மூட்டைகளைக் கண்டுபிடித்தீர்கள். அப்பா வாங்கிப்போட்டு விற்காமல் நின்றுபோன எறும்புப் பொடி. லிண்டேன் என்பது அதன் படித்த பெயர். ஒவ்வொரு மூட்டையின் மேலும் சந்தனமும் குங்குமமும், பொட்டின் மேல் பொட்டாக, பல ஆயுதபூஜைகளின் தடிப்பில் அப்பியிருந்தன. தடை வந்த பிறகும் பூஜை நிற்கவில்லை.

"விஷத்துக்கு எதுக்கு அத்தை பொட்டு?"

"சோறு போட்ட சாமான்மா," என்றாள் அம்மா. அவள் வரையில் பேச்சு அதோடு முடிந்தது.

உங்கள் வரையில் அங்கேதான் தொடங்கியது. அப்போது நீங்கள் கர்ப்பமாக இருந்தீர்கள். கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வரும் மத்தியானங்களில் என் அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்துகொள்வீர்கள். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம் ஒன்று, அழியாமல் தங்கிவிடும் நஞ்சுகளைப் பற்றியது, ஆங்கிலத்தில் உங்கள் செல்போனில் இருந்தது. அதை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். அதுவரை அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எனக்குச் செய்தித்தாளில் புரட்டிவிட்டுப் போகும் பக்கம்தான்.

அறவே ஒழிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். குறைத்துக்கொள்ள வேண்டியவை என்று இன்னொன்று. "ஒழிக்கணும்னு சொன்னதுக்குக் கீழயே 'இன்னின்ன வேலைக்குத் தவிர'ன்னு இருக்கா பாரு," என்பீர்கள். இருந்தது. லிண்டேனுக்கும் இருந்தது. பேன் மருந்துக்குச் சில காலம் விலக்கு. நம் நாடும் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுதான். ஆனால் புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகச் சம்மதம் தெரிவித்தால்தான் அது நம்மைக் கட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தது. அதை நான் வாசித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "கல்யாணத்துக்குச் சம்மதமாம். தாலியில ஒவ்வொரு முடிச்சுக்கும் தனித்தனியா கேட்டுத்தான் போடணுமாம்!"

நீங்கள் சிரிக்காமல் கேட்ட இடம் ஒன்றே ஒன்று. இந்த நஞ்சுகள் வெயில் நாடுகளில் ஆவியாகி, காற்றோடு போய், குளிர்ந்த நாடுகளில் இறங்கித் தங்குகின்றன. மீனின் கொழுப்பில் சேர்ந்து, அந்த மீனைத் தின்னும் சீலில் சேர்ந்து, கடைசியில் வயலையே பார்த்திராத பனிநாட்டுப் பெண்களின் தாய்ப்பாலில் வந்து நிற்கின்றன. நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நாம அடிச்சது அங்கன போயா நிக்கி?"

"அப்படித்தான் எழுதியிருக்கு மதினி."

"அப்ப அடிச்சவ பால்ல எவ்வளவு நிக்கும்?"

நான் அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, தேங்கிக் கிடக்கும் பழைய இருப்புகளை ஒவ்வொரு நாடும் தேடிக் கண்டுபிடித்து முறையாக அழிக்க வேண்டும் என்ற வரி வந்தது. "யாரு வந்து தேடுவா, நம்ம கிட்டங்கியையா?" என்று கேட்டீர்கள்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் மூட்டைகளை ஒழிக்கச் சொன்னீர்கள். அம்மா குறுக்கே வந்தாள். பூஜை போட்ட சாமானைக் குப்பையில் எறியக் கூடாது, ஆற்றில் விட்டுவிடு என்றாள். பழைய சாமி படம், காய்ந்த மாலை, கருமாதித் துணி, எல்லாவற்றையும் ஆற்றில் விட்டே பழகிய கை அவளுடையது. "ஆத்துல விட்டா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்," என்றீர்கள். நீங்கள் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பேறுகாலத்துக்குச் சாத்தான்குளம் போனீர்கள். பிள்ளையோடு திரும்பி வந்தபோது கிட்டங்கி கழுவிவிட்டாற்போல் காலியாக இருந்தது. கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போய்விட்டதாக அண்ணன் சொன்னான்.

"எந்தக் கம்பெனி? ஒரு ரசீதாவது குடுத்தானா?"

"எல்லாத்துக்கும் ரசீது கேப்பியா? புள்ளைக்கும் கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் நம்பவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு ஆற்றில்தான் போட்டிருப்பான் என்று உறுதியாக நினைத்தீர்கள். நிரூபிக்க வழி இல்லாததால்தான் வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்துறையில் நின்று தண்ணீரையே பார்ப்பீர்கள். ஆற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் புறவாசல் கிணற்றுக்கு மாறினீர்கள். சந்தைக் கீரையில் என்ன அடித்திருப்பான் என்று யாருக்குத் தெரியும் என்று, கிணற்றடியில் மண் பொலபொலவென்று இருந்த இடத்தில் சிறுகீரைப் பாத்தி போட்டீர்கள். பால் ஊற வேண்டும் என்று அங்கேயே முருங்கைக் கம்பு நட்டீர்கள். அது சீக்கிரமே தழைத்தது. அண்ணன் துணிக்கொடியருகே நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் கொடுப்பதைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்டீர்கள். பிள்ளைக்குத் தாய்ப்பாலைவிட நல்லது எதுவும் இல்லை, யோசிக்காமல் கொடுங்கள் என்றார்கள். "யோசிக்காம குடுக்க எனக்கு வராது," என்றீர்கள் வீட்டுக்கு வந்து. "சந்தேகத்தோடதான் குடுக்கேன் ஏட்டி. நிறுத்திட்டா சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும்."

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் உங்கள் நோய் தெரிந்தது. டாக்டர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள், நீங்கள் கண்ணை மூடும் வரை காரணம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஒரு மூட்டையிலிருந்து ஒரு உடம்புக்குக் கோடு கிழிக்க முடியாது என்று தெரியும் அளவுக்கு வாசித்திருக்கிறேன். அப்படிக் கோடு கிழிக்க முடியாமல் இருப்பது யாருக்கெல்லாம் வசதி என்றும் தெரியும்.

வியாழக்கிழமை குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்ணோடு மண்ணாய் மட்கிய சாக்கு, அதற்குள் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாகப் பொடி. குங்குமத்தைத் தேடினேன். தெரியவில்லை. முருங்கையின் வேர் மட்டும் சாக்கின் நடுவே இறங்கியிருந்தது.

கொத்தனாரை அனுப்பிவிட்டு அண்ணனிடம் கேட்டேன். அவன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டான்.

"ஆத்துல போடக் கூடாதுன்னு அவ சொன்னா. குப்பையில போடக் கூடாதுன்னு அம்மா சொன்னா. நான் என்ன செய்ய? பூமாதேவி பொறுத்துக்கிடுவான்னு குழி தோண்டி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுத்தான் மூடுனேன்."

"மதினி அங்கன கீரை போட்டப்போ நீ பாத்துக்கிட்டுதான நின்ன?"

அவன் குழியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா புள்ளயத் தூக்கிட்டு சாத்தான்குளம் போயிருவான்னு பயந்துட்டேன். ஆழமாத்தான புதைச்சிருக்கோம், ஒண்ணும் ஆகாதுன்னு... இத்தன வருசத்துல மக்கிப் போயிருக்கும்னுதான் இங்கனயே தோண்டவும் சொன்னேன்."

அழுதான். உங்கள் மேல் அவனுக்கு இருந்த பிரியம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அழுகையையும் நான் சந்தேகப்பட்டேன் மதினி. ஏனென்றால் கண்ணைத் துடைத்த கையோடு அவன் சொன்னது இது: "மூடிருவோம்ட்டி. மேல காங்கிரீட் போட்டா ஒண்ணும் தெரியாது. ரூமை மாடியில எடுத்துக்கிடலாம். வெளிய தெரிஞ்சா கடை லைசென்ஸ் போயிரும், ஊர்ல தலை காட்ட முடியாது."

"கெணறு?"

"இத்தன வருசமா குடிக்கோம்லா. என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

நான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போன் செய்தேன். நாலு இடத்துக்கு மாற்றிவிட்ட பிறகு ஒருவர் பொறுமையாகப் பேசினார். "அதெல்லாம் எப்பவோ தடை பண்ணியாச்சேம்மா. இப்ப எங்க இருக்கப்போவுது?"

"எங்க வீட்டுப் புறவாசல்ல இருக்கு சார்," என்றேன். "தேடிக் கண்டுபிடிக்கணும்னு உலக ஒப்பந்தம் சொல்லுது. கண்டுபிடிச்சாச்சு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

திங்கட்கிழமை ஆள் வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு கொஞ்சம் மண்ணும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் எடுத்தார். போகும்போது வாசலில் நின்று அண்ணனோடு தேநீர் குடித்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். சும்மா ஊர்க்கதையாக இருக்கலாம். நான் படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு இரண்டு இடங்களுக்கும் எழுதியிருக்கிறேன். முடிவு வரும் வரை குழிமேல் தார்ப்பாய் கிடக்கிறது. தார்ப்பாய் விலகியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்கிறேன்.

கிணற்று மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கைப்பையில் வைத்திருக்கிறேன். வாளியையும் கயிற்றையும் எடுத்து ஒளித்தாயிற்று. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. கடைக்குப் போகும்போது என் பையைப் பார்த்துவிட்டுப் போகிறான். அம்மா இரண்டு பேருக்கும் சோறு வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் ஆற்றைக் கும்பிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் உங்கள் மகளும் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பியூஸ் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம், அந்த முருங்கை ஏன் அவ்வளவு சீக்கிரம் தழைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கழற்றாமலே கேட்டாள். யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"அத்தை, நான் குடிச்ச பால்லயும் அது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் கேள்வி முடியும் முன்னே வந்த பதிலாகியிருக்கும். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. ரொம்ப யோசிச்சா. யோசிச்சுதான் குடுத்தா."

அவள் அழவில்லை. தண்ணீர் கேட்டாள். இப்போது மறுபடியும் குழாய்த் தண்ணீர்தான் வீட்டில், காய்ச்சி ஆற வைத்தது. ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"நீங்க மோந்து பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன்."

என் முகத்தையே உற்றுப் பார்த்தாள், உங்கள் கண்ணால்.

"இன்னொரு தடவ பாருங்க," என்று டம்ளரை நீட்டினாள்.

வாங்கி இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன், மதினி. அதன் பிறகுதான் அவள் குடித்தாள்.