ஜல்லி இல்லாத கான்கிரீட்

சுர்குத், 1984

மார்ச் 12
யூராலிலிருந்து வர வேண்டிய ஜல்லி ரயில் இன்றும் வரவில்லை. கான்கிரீட் வார்ப்புக்கூடம் மூன்றாம் நாளாகச் சும்மா கிடக்கிறது. அங்கே வேலை பார்க்கும் என் கணவன் க்ளெப் சீக்கிரமே வந்துவிட்டான். வந்ததும் நெல்லி புராணம். "ரிம்மா, அந்த ஆய்வுக்கூடத்துப் பொண்ணு வெறும் ஆத்து மணல்லயே கான்கிரீட் போட்டுட்டா! சுத்தியலால அடிச்சா சுத்தியல்தான் எகிறுது!" பன்னிரண்டு வருடமாக இதே தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை எங்காவது பேசியிருப்பானா?

மார்ச் 14
தலைமைப் பொறியாளர் ஸ்தெபான் குஸ்மிச் கூப்பிட்டார். "நெல்லியோட கலவை கட்டுபடியாகுமான்னு நீங்கதான் சொல்லணும்." அவளும் பக்கத்திலேயே நின்றாள். முடியெல்லாம் சிமெண்ட் தூசி. அதுகூட அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19
ஜல்லியின் ரயில் கூலி மிச்சம். ஆனால் சிமெண்ட் அதிகம் பிடிக்கிறது; கனமீட்டருக்கு ஐந்து ரூபிள் நஷ்டம். இதில் பொய் இல்லை.
ஆனால் — இத்தனை உறுதியான கலவைக்குத் வார்க்கும் தளப் பலகை இருபத்திரண்டு சென்டிமீட்டர் தடிமன் எதற்கு? பதினேழு போதும். தளத்தின் சதுர மீட்டருக்குப் பார்த்தால் ஒரு ரூபிள் லாபம்.
இந்தக் கணக்குத் தாளை மட்டும் இழுப்பறையில் வைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லையே?

மார்ச் 21
நெல்லியின் கலவையை நிராகரித்துவிட்டார்கள். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 27
நெல்லி என் மேசைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "ரிம்மா பெத்ரோவ்னா, நீங்க போட்ட கணக்கு தப்பாகாது. சிமெண்டைக் குறைச்சுப் பாக்கறேன்."

ஏப்ரல் 4
க்ளெப் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "அவ போடற சோதனைக் கட்டியெல்லாம் அழுத்தினதும் பொலபொலன்னு உதிருது. நல்லா இருந்த கலவையை அவளே கெடுக்கறா. ஏன்னே புரியல."
எனக்குப் புரியுது. என்னை நம்பினாளே, அதான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

ஏப்ரல் 5
இழுப்பறையில் இருந்த தாளை குஸ்மிச், நெல்லி இரண்டு பேர் முன்னாலும் வைத்தேன். "இதை மறந்துபோய் விட்டுடல. தெரிஞ்சேதான் விட்டேன்." குஸ்மிச் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஏன்?" என்றாள் நெல்லி.
"பொறாமை. வீட்லயும் உன் பேச்சு, இங்கயும் உன் பேச்சு."
"ரெண்டு வாரமா எனக்கு வேலையே தெரியாதோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

ஏப்ரல் 18
எனக்கு எழுத்தில் கண்டனம். ஊக்கத்தொகை கிடையாது. உணவுக்கூடத்தில் நெல்லி வேறு மேசை.

ஜூன் 7
நெல்லியின் முதல் கலவையில் வார்த்த பதினேழு சென்டிமீட்டர் பலகை சோதனைச் சுமையைத் தாங்கிவிட்டது. நெல்லியை எல்லோருமாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள், க்ளெப்பும்தான். மாஸ்கோவுக்குப் போகும் அறிக்கையில் அவள் பெயர் மட்டும். செலவுப் பகுதியை நானே திருத்தி எழுதினேன். சதுர மீட்டர் கணக்கை முதல் பக்கத்திலேயே வைத்தேன். நெல்லி படித்தாள், ஒரு தசமப் புள்ளியைச் சரிசெய்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.
வீட்டில் க்ளெப் கேட்டான்: "உனக்கு வயிறு எரியலையா?"
"எரியுது. நீ சாப்பிடு, ஆறிப்போகுது."